வருகைப் பதிவு 71%, அசைன்மென்ட் காப்பி, பிளேஜரிசம் ரிப்போர்ட்: எந்த விதி யாருக்குப் பொருந்தும்?

#1 கரூர் இசிஇ

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, ரெகுலேஷன் 2021, நான்காவது செமஸ்டர். போர்ட்டலில் 400 பீரியடுக்கு 284 பிரசென்ட், 71% காட்டுகிறது. விடுப்பில் 9 நாள் டெங்குவுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தது. அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது. விளக்கம் வேண்டியவை இவை:

மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்தால் 71 என்பது 75 ஆக மாறுமா? ஒவ்வொரு பாடத்திலும் 75 வேண்டுமா, மொத்தமாக இருந்தால் போதுமா? ஒரே அசைன்மென்டை பல பேர் எழுதினால் பூஜ்யம் போடுவது விதியிலேயே இருக்கிறதா? பிளேஜரிசம் (எழுத்துத் திருட்டு) ரிப்போர்ட்டில் 10% வரை பரவாயில்லை என்கிறார்களே, அது அசைன்மென்டுக்கும் பொருந்துமா?

#2 துறை அலுவலகம்

முதல் கேள்வியில்தான் நிறைய பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மெடிக்கல் சர்டிஃபிகேட் சதவீதத்தை உயர்த்தாது. 71 என்பது 71 ஆகவே பதிவில் இருக்கும். அந்த 71-ஐ வைத்துக்கொண்டு தேர்வு எழுத அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ரெகுலேஷன் 2021, இணைப்புக் கல்லூரிகளுக்கு, மூன்று படிகளாக வைத்திருக்கிறது.

75% அல்லது அதற்கு மேல்: கேள்வியே இல்லை. அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றிப் பார்ப்பதால் 74.5 இருந்தால் 75 ஆகிவிடும். 74.49 ஆகாது.

65 முதல் 74% வரை: நீண்ட நாள் மருத்துவமனை சிகிச்சை, விபத்து, குறிப்பிட்ட நோய் அல்லது விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டது, இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் மட்டும் தேர்வு எழுதலாம். சான்றிதழில் கல்லூரி முதல்வரின் மேலொப்பம் வேண்டும். அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பதிவுக்காகப் போகும்.

65%க்குக் கீழே: அந்த செமஸ்டர் தேர்வும் இல்லை, அடுத்த செமஸ்டருக்குப் போகவும் முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். எந்தச் சான்றிதழும் இங்கே உதவாது.

இரண்டாவது கேள்வி: இணைப்புக் கல்லூரிக்கு மொத்த வருகை. கிண்டி, குரோம்பேட்டை மாதிரி பல்கலைக்கழக வளாகத் துறைகளுக்கு விதிமுறைப் புத்தகமே வேறு. அங்கே பாடவாரியாகப் பார்ப்பார்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின் கல்விக்குழு ஒப்புதல் தந்த விதிமுறைதான் செல்லும். ஆகவே ஊரில் யாரோ சொன்ன விதியைக் கேட்காமல், நீங்கள் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷனை எடுத்து, வருகைப் பிரிவை ஒருமுறை வரிவிடாமல் படியுங்கள்.

#3 சேலம் சிவில் மூன்றாம் ஆண்டு

எங்கள் பக்கம் "காண்டனேஷன் ஃபீஸ் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கட்டணம்) கட்டிவிட்டால் போதும், காரணம் எல்லாம் கேட்க மாட்டார்கள்" என்றுதானே பேச்சு?

#4 துறை அலுவலகம்

விதியில் காரணம்தான் நிபந்தனை, பணம் இல்லை. கட்டணம் கேட்டால் எந்த விதியின்படி, எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீதில் "காண்டனேஷன்" என்ற தலைப்பும் எந்த செமஸ்டர் என்பதும் இருக்க வேண்டும். ரசீது தராத இடத்தில் நாளைக்கு ஹால் டிக்கெட் வரவில்லை என்றால் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கலை அறிவியல் கல்லூரிகளில்தான் காண்டனேஷன் கட்டணம் விதியிலேயே எழுதியிருக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பேச்சு வருகிறது.

#5 கணக்கு வாத்தியார்

கரூர் தம்பிக்கு: இன்னும் செமஸ்டர் முடியவில்லை என்றால், சர்டிஃபிகேட்டுக்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு வாய்ப்பாடு போதும்.

75-ஐத் தொட இனி தொடர்ந்து வர வேண்டிய பீரியடுகள் = (ஆப்சென்ட் × 3) − பிரசென்ட்.

உங்கள் ஆப்சென்ட் 116. மூன்று மடங்கு 348. அதில் 284 கழித்தால் 64. நாளுக்கு 8 பீரியட் என்றால் சரியாக 8 நாள் ஒன்றுகூட விடாமல் வர வேண்டும். 74.5 போதும் என்று எடுத்தால் 55 பீரியட், அதாவது 7 நாள். கடைசி வேலை நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தால் உங்களுக்குக் காண்டனேஷனே தேவைப்படாது.

இதைத் திருப்பிப் போட்டால், இன்னும் எத்தனை பீரியட் விடலாம் என்பதும் வரும்: பிரசென்டை மூன்றால் வகுத்து ஆப்சென்டைக் கழிக்க வேண்டும். 330 பிரசென்ட், 70 ஆப்சென்ட் என்றால் 110 − 70 = 40. ஆனால் அந்த 40-ஐ கையிருப்பாக நினைத்துச் செலவு செய்தவர்களுக்குத்தான் கடைசி மாதம் காய்ச்சல் வந்தால் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு இடத்தில் கணக்கு சறுக்கும். முதலாவது லேப். ஒரு மதியம் லேப் விட்டால் ஒரு "கிளாஸ்" போனது மாதிரி தோன்றும். பதிவேட்டில் அது 3 அல்லது 4 பீரியட். இரண்டாவது, பாடவாரி வருகை பார்க்கும் இடங்களில் சின்னப் பாடங்கள். 30 பீரியட் உள்ள பாடத்தில் 7 விட்டால் 76.7%, பிழைத்தீர்கள். எட்டாவது விட்டால் 73.3%. வாரத்துக்கு இரண்டே வகுப்பு, அதுவும் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் விழுவது இந்தப் பாடத்தில்தான்.

#6 சேலம் சிவில் மூன்றாம் ஆண்டு

நாங்கள் கையில் எழுதி வைத்திருப்பதற்கும் போர்ட்டலுக்கும் 12 பீரியட் வித்தியாசம் வருகிறது. யாரிடம் கேட்பது?

#7 துறை அலுவலகம்

கிளாஸ் அட்வைசரிடம். வாயால் கேட்காமல் தேதி, பீரியட் எண், பாடக் குறியீடு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "எனக்கு 12 குறைகிறது" என்று போனால் யாராலும் தேட முடியாது. "14ஆம் தேதி 3, 4ஆம் பீரியட், மாற்று வகுப்பு எடுத்தவர் வருகை ஏற்றவில்லை" என்று போனால் ஐந்து நிமிட வேலை.

வித்தியாசம் வருவது பெரும்பாலும் மூன்று வழியில். ஒரு ஆசிரியர் விடுப்பில் இருக்கும்போது இன்னொருவர் எடுத்த மாற்று வகுப்பு. ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் கையெழுத்து ஆகியும் போர்ட்டலில் ஏறாமல் இருப்பது. விருப்பப் பாடத்தில் பிரிவு மாறியபோது பழைய பட்டியலிலேயே பெயர் தங்கி, தினமும் ஆப்சென்ட் விழுவது. மூன்றாவது மிக மோசம். ஒரு மாதம் பார்க்காமல் விட்டால் ஒரு பாடமே போய்விடும். வாரம் ஒருமுறை பாருங்கள். மாத இறுதியில் பட்டியலை லாக் செய்தபிறகு திருத்த எச்.ஓ.டி., முதல்வர் என்று மேலே போக வேண்டியிருக்கும்.

#8 உடற்கல்வி

ஓ.டி. பற்றி ஒரு வார்த்தை. ஓ.டி. என்பது கல்லூரி அனுப்பி வைத்தது. நீங்களாகப் போய்வந்து பின்னால் சான்றிதழ் காட்டினால் அது விடுப்பு. ஆகவே படிவம் போகும் முன்பே கையெழுத்தாக வேண்டும்: அழைப்புக் கடிதம், தேதிகள், பயண நாள் சேருமா சேராதா, யார் பொறுப்பாசிரியர். திரும்பி வந்ததும் பங்கேற்புச் சான்றிதழின் நகலை அதே படிவத்தோடு பின் செய்து கொடுக்க வேண்டும். ஓ.டி.க்கு உச்சவரம்பு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மாவட்டப் போட்டி, பல்கலைக்கழக மண்டலப் போட்டி, சிம்போசியம், பிளேஸ்மென்ட் டிரைவ் எல்லாம் ஒரே கணக்கில் கழியும் இடமும் உண்டு. விளையாட்டுக்காரர்கள் சிம்போசியத்தில் ஓ.டி.யைத் தீர்த்துவிட்டு மண்டலப் போட்டி வரும்போது கையைப் பிசைவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

#9 பி.காம். மதுரை

கலை அறிவியல் பக்கம் என்ன விதி? யாரும் சொல்லவில்லையே.

#10 துறை அலுவலகம்

மாநிலப் பல்கலைக்கழகங்களில் பொதுவான அமைப்பு நான்கு படி. 75 அல்லது அதற்கு மேல் தடையில்லை. 65 முதல் 74 வரை காண்டனேஷன் கட்டணமும் விண்ணப்பமும். அதற்குக் கீழே 50 வரை, சில இடங்களில் 55 வரை, இந்த செமஸ்டர் தேர்வு எழுத முடியாது, ஆனால் அடுத்த செமஸ்டருக்குப் போய் இரண்டுக்கும் சேர்த்து எழுதலாம். அதற்கும் கீழே போனால் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். 50-ஆ 55-ஆ என்பதை உங்கள் பல்கலைக்கழக விதியில் பாருங்கள். அந்த ஐந்து சதவீதத்தில் ஓர் ஆண்டு போகிறது.

மருத்துவம் தனி: தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80. சட்டம் தனி: பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி ஒவ்வொரு பாடத்திலும் 70. விதிவிலக்காக ஒரு பாடத்தில் 65 இருந்தாலும் எல்லாப் பாடமும் சேர்ந்து 70 இருந்தால் அனுமதிக்கலாம். சட்ட மாணவர்களை வருகைக் குறைவுக்காகத் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைச் செய்தியில் படித்துவிட்டு, இங்கேயும் தானாக நடக்கும் என்று நம்பி வகுப்பை விடாதீர்கள். உங்கள் கல்லூரி எழுத்தில் என்ன அறிவித்திருக்கிறது என்பதுதான் ஹால் டிக்கெட்டைத் தீர்மானிக்கும்.

மகப்பேறு: மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைத் தளர்வும் தர விதி வகுக்கும்படி 2021 டிசம்பரில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. இதைக் கேட்கத் தயங்க வேண்டாம், அம்மா. பிரசவத்துக்கு முன்பே துறைத் தலைவர் வழியாக விண்ணப்பம் கொடுத்துவிடுவது நல்லது. முடிந்தபிறகு கொடுத்தால் ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் கேட்பார்கள்.

#11 வேலை + படிப்பு

75 என்ற விதியே யாருக்காக? மாலையில் கடையில் நின்று, இரவு டெலிவரி ஓட்டி ஃபீஸ் கட்டும் பையன் காலை முதல் பீரியடுக்கு வர முடியாது. வந்து தூங்குகிறவனுக்கு 90%, வீட்டில் படித்து எட்டரை ஜி.பி.ஏ. எடுக்கிறவனுக்குத் தடை. இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

#12 கணக்கு வாத்தியார்

நீங்கள் சொல்வது உண்மையான பிரச்சினை. நேரத்தைத் தளர்த்தித் தரும் மாலை வகுப்போ பகுதிநேரப் படிப்போ போதுமான அளவு இல்லாததுதான் குறை, அதைக் கேட்டுப் போராடலாம். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி பிராக்சி (வராதவருக்காக இன்னொருவர் வருகை போடுவது) போடுவதை நியாயப்படுத்தினால் கடைசியில் அடி வாங்குவது அந்த வேலைக்குப் போகும் பையன்தான். காரணத்தை எழுதிக் கொடுத்து முதல் பீரியடுக்கு மட்டும் தாமதத் தளர்வு கேட்டால் ஒத்துக்கொள்ளும் துறைத் தலைவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை பிராக்சியில் பெயர் வந்துவிட்டால் அதன்பிறகு எந்தக் கோரிக்கையையும் நம்பிக் கேட்க மாட்டார்கள்.

#13 துறை அலுவலகம்

பிராக்சி எப்படிப் பிடிபடுகிறது என்பதையும் சொல்லிவிடலாம், மறைக்க ஒன்றுமில்லை. கியூ.ஆர். கோடு படம் வாட்ஸ்அப் குழுவில் போகும். வகுப்பில் 41 தலை, பட்டியலில் 52 பெயர். அன்றைக்கே சின்ன டெஸ்ட் வைத்தால் தாளில் 41 கையெழுத்துதான் வரும். விடுதி மாணவர் என்றால் அவுட்பாஸ் பதிவில் ஊருக்குப் போனது இருக்கும், வகுப்பில் பிரசென்ட் இருக்கும். போட்டவருக்கும் போடச் சொன்னவருக்கும் ஒரே நடவடிக்கைதான்.

மெடிக்கல் சர்டிஃபிகேட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். காசு கொடுத்து வாங்கும் சர்டிஃபிகேட் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறார்கள். டாக்டர் ஒருவர் சான்றிதழ் கொடுத்தால் அதற்கென ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், நகல் வைத்திருக்க வேண்டும், நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகையும் ஓர் அங்க அடையாளமும் பதிய வேண்டும். இது 2002 மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. கல்லூரி ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பதிவு எண்ணை மருத்துவ கவுன்சில் தளத்தில் பார்க்க ஒரு நிமிடம் போதும். பொய்யான ஆவணம் தயாரிப்பது பாரதிய நியாய சம்ஹிதாவின் 336ஆம் பிரிவிலும், அதை உண்மை என்று காட்டிப் பயன்படுத்துவது 340ஆம் பிரிவிலும் வரும். நாலு சதவீத வருகைக்காக எடுக்க வேண்டிய ஆபத்து இல்லை இது.

#14 கரூர் இசிஇ

என் டிஸ்சார்ஜ் சம்மரி உண்மையானதுதான். அதோடு வேறு என்ன வைக்க வேண்டும்?

#15 துறை அலுவலகம்

டிஸ்சார்ஜ் சம்மரி, பில்லின் நகல், டெங்கு பரிசோதனை முடிவு, வகுப்புக்குத் திரும்பத் தகுதி என்ற ஃபிட்னஸ் சான்றிதழ். எல்லாவற்றிலும் பெயரின் எழுத்து, இனிஷியல், வயது ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஆஸ்பத்திரியில் அவசரத்தில் அப்பா பெயரை மாற்றி எழுதியிருப்பார்கள். அதைத் திருத்தி, டாக்டர் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் காட்ட வேண்டியது ஒரு கணக்கு: 9 நாள் × 8 பீரியட் = 72. ஆப்சென்ட் 116இல் 72 மருத்துவமனையில் இருந்த நாள்கள். அந்த 72 மட்டும் இல்லாவிட்டால் 400க்கு 356, அதாவது 89%. குறைவுக்குக் காரணம் நோய்தான் என்பதை இந்த ஒரு வரி நிரூபிக்கிறது. விதி கேட்பதும் அதைத்தான். மீதி 44 பீரியடுக்கும் மருத்துவக் காரணம் சொல்ல முயலாதீர்கள். அவற்றைத் தனி விடுப்பு என்றே எழுதுங்கள். சம்மரியில் உள்ள தேதிக்கும் நீங்கள் கோரும் தேதிக்கும் ஒரு நாள் இடித்தாலும் மொத்தக் கோப்பும் சந்தேகத்துக்குப் போகும்.

#16 உள்மதிப்பீடு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அசைன்மென்ட் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரெகுலேஷன் 2021இல் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. இன்டர்னலுக்கு இரண்டு மதிப்பீடு. ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்: எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் போன்றவை 40. இரண்டும் சேர்ந்த 200-ஐ 40 ஆகச் சுருக்குவார்கள். ஆகவே ஒரு மதிப்பீட்டில் அசைன்மென்ட் பகுதி முழுவதும் பூஜ்யமானால் 200இல் 40 போகிறது. சுருக்கினால் 40இல் 8.

இன்டர்னலில் 28 இருக்க வேண்டியவருக்கு 20 ஆகிவிட்டது என்று வையுங்கள். தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45% வேண்டும். 28 இருந்தால் தேர்வில் 100க்கு 45 எடுத்தாலே தேறிவிடுவார். 20 இருந்தால் 50 எடுக்க வேண்டும். அரியர் வைத்திருப்பவர்களுக்கு 45க்கும் 50க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

காப்பி எப்படித் தெரிகிறது? வார்த்தை ஒன்றாக இருப்பதால் மட்டும் இல்லை. பிழை ஒன்றாக இருப்பதால். ஒருவர் சமன்பாட்டில் கழித்தல் குறியை விட்டால் பதினைந்து தாளில் அது விடுபட்டிருக்கும். படத்தில் ஒரு அம்புக்குறி தலைகீழாக இருந்தால் எல்லாவற்றிலும் தலைகீழ். கோப்பாகக் கொடுத்தால் அதை உருவாக்கியவர் பெயர் கோப்பின் விவரத்திலேயே இருக்கும்.

லேப் ரெக்கார்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே பேட்ச், ஒரே கருவி என்றால் ரீடிங் ஒன்றாக இருப்பது தவறே இல்லை. பேட்ச் எண்ணையும் கருவி எண்ணையும் அப்சர்வேஷன் பக்கத்தில் எழுதி, அன்றைக்கே ஆசிரியரின் கையெழுத்தை வாங்குங்கள். கணக்கீடு, வரைபடம், முடிவு மூன்றும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வேறு பேட்ச்சின் ரீடிங்கை எடுத்து எழுதினால்தான் தவறு. சோதனை செய்யாமல் முடிவிலிருந்து பின்னோக்கி ரீடிங் தயாரிப்பது அதைவிடப் பெரிய தவறு. எல்லாப் புள்ளியும் கோட்டின்மேல் கச்சிதமாக உட்காரும் வரைபடத்தைப் பார்த்தாலே அனுபவமுள்ளவர்களுக்கு விளங்கிவிடும்.

#17 பி.காம். மதுரை

நண்பர்கள் சேர்ந்து உட்கார்ந்து படித்து எழுதினாலும் காப்பி என்பார்களா?

#18 உள்மதிப்பீடு

சேர்ந்து பேசுவது வரை சரி. எழுதும்போது பிரிந்து போய் எழுதுங்கள். அடுத்தவர் தாள் மேசைமேல் திறந்திருக்கும்போது எழுதினால் வாக்கிய வரிசை தன்னாலே அதே மாதிரி வந்துவிடும். யாருடன் கலந்து பேசினீர்கள் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டால் இன்னும் நல்லது. கொடுத்தவருக்கும் பூஜ்யம் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். முடித்த கோப்பை "பார்த்துக்கோ" என்று அனுப்பாதீர்கள்.

#19 ஆய்வேடு

10% பற்றி. அந்த எண் 2018 யு.ஜி.சி. கல்வி நேர்மை ஒழுங்குமுறையிலிருந்து வருகிறது. ஆய்வேடுகளுக்கான தண்டனை இப்படி: 10% வரை சிறு ஒற்றுமை, தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை, 6 மாதத்துக்கு மிகாத கால வரம்புக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை, ஓராண்டு காலம் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் தடை. 60க்கு மேல், பதிவே ரத்து.

இது முதுகலை, எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு. பி.இ. அசைன்மென்டுக்கு உங்கள் ஆசிரியரும் கல்லூரியும் வைத்ததே விதி. அவர் பூஜ்யம் போட்டால் "10% வரை அனுமதி உண்டு" என்று வாதாட முடியாது.

சதவீதத்தில் எவை சேராது என்பதும் அதே ஒழுங்குமுறையில் இருக்கிறது: முறையாகச் சுட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள். பொது அறிவான செய்தியும், தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போவதும் கணக்கில் வராது. ஆகவே 27% என்று பார்த்துப் பதறுவதற்கு முன், நூலகரிடம் இந்த விலக்குகளை அமைத்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். நூற்பட்டியலை நீக்கினாலே சில நேரம் பாதி குறையும். அதேபோல 8% வந்துவிட்டதே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. அந்த 8 முழுவதும் முடிவுரைப் பகுதியில் ஒரே மூலத்திலிருந்து வந்திருந்தால் வழிகாட்டி கையெழுத்திட மாட்டார்.

தமிழில் ஆய்வேடு எழுதுவோருக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை மென்பொருள் தமிழாகப் படிக்காது. அதற்குத் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. ஒற்றுமை 0% என்று வரும். அந்தப் பூஜ்யம் உங்களுக்குச் சாதகம் இல்லை. திருப்பி அனுப்பி யூனிகோடில் கேட்பார்கள், கடைசி வாரத்தில் 250 பக்கத்தை மாற்ற உட்கார வேண்டியிருக்கும். மாற்றும்போது கொம்பும் ஒற்றும் இடம் மாறும். முதல் இயலிலிருந்தே யூனிகோடில் எழுதிவிடுங்கள். ஆங்கில நூலை மொழிபெயர்த்து மூலம் சொல்லாமல் சேர்ப்பதும் திருட்டுதான். மென்பொருள் விட்டாலும் துறை தெரிந்த தேர்வாளர் விட மாட்டார்.

#20 கரூர் இசிஇ

யார் விசாரிப்பார்கள்? ஆசிரியர் சொன்னால் முடிந்ததா?

#21 ஆய்வேடு

ஆய்வேடு என்றால் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு. துறைக் குழு 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். நிறுவனக் குழுவுக்கும் 45 நாள். குற்றம் ஐயமின்றி உறுதியாகி, தன் பக்கத்தைச் சொல்ல போதிய வாய்ப்புக் கொடுத்து, மேல்முறையீட்டு வழிகள் எல்லாம் தீர்ந்தபிறகே தண்டனை என்று ஒழுங்குமுறை சொல்கிறது. அதனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பயந்து "மன்னித்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ரிப்போர்ட்டின் முழு நகலைக் கேளுங்கள். ஒவ்வொரு ஒற்றுமைக்கும் எதிரே மூலம், சுட்டியிருக்கிறீர்களா இல்லையா என்று அட்டவணை போட்டுப் பதில் கொடுங்கள். உண்மையில் எடுத்திருந்தால் அதையும் அதே அட்டவணையில் ஒப்புக்கொள்ளுங்கள்.

#22 சேலம் சிவில் மூன்றாம் ஆண்டு

ஏ.ஐ. எழுதியது 60% என்று ரிப்போர்ட் வந்தால்? சொந்தமாக எழுதியதற்கும் வருகிறதே.

#23 ஆய்வேடு

வரும். ஏ.ஐ. சதவீதமும் ஒற்றுமைச் சதவீதமும் வேறு வேறு. ஒற்றுமை ரிப்போர்ட் மூலத்தைக் கையில் காட்டுகிறது. ஏ.ஐ. ரிப்போர்ட் ஊகம்தான், எதிரே காட்ட மூலம் இல்லை. ஒற்றுமை பார்க்கும் மென்பொருளான டர்னிட்டின் 2023 ஏப்ரலில் இதைக் கொண்டுவந்தது. 20%க்குக் கீழே வருவதை நம்பத்தக்கதாக இல்லை என்று இப்போது எண்ணாகக் காட்டாமல் நட்சத்திரக் குறி போடுகிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதே 2023 ஆகஸ்டில் அந்த வசதியையே நிறுத்தியது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் தகுதித் தேர்வு) கட்டுரைகளில் சராசரியாக 61%ஐ ஏ.ஐ. என்று தவறாகச் சொல்லின. எளிய சொற்கள், ஒரே மாதிரி வாக்கியம் என்று நம் மாணவர்கள் எழுதும் ஆங்கிலம் இந்தக் கருவிகளிடம் எளிதாக மாட்டிக்கொள்கிறது. ஆசிரியர்களும் இதைத் தெரிந்துகொண்டு, எண்ணை மட்டும் வைத்து மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு உங்கள் கையில் இருக்கிறது. கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு தானாகச் சேரும், நாள்வாரியாக எப்படி வளர்ந்தது என்று காட்டலாம். கைக்குறிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். "பத்து நிமிடம் வைவா வையுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். ஏ.ஐ. எழுத்தை மனித எழுத்தாக மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள், அவை வார்த்தையைச் சிதைத்துப் பொருளைக் கெடுக்கும்.

ஏ.ஐ. பயன்படுத்தியவர்கள் உண்மையில் மாட்டுவது மேற்கோளில். இல்லாத கட்டுரை, இருக்கும் பத்திரிகை, நம்பும்படியான ஆண்டு. ஒவ்வொரு மேற்கோளின் டி.ஓ.ஐ. (கட்டுரைக்கான இணைய அடையாள) எண்ணையும் போட்டுத் திறந்து, தலைப்பும் ஆசிரியரும் பொருந்துகிறதா பாருங்கள். திறக்காத ஒன்றை வைக்காதீர்கள். ஆசிரியர் ஏ.ஐ.யை அனுமதித்திருந்தால் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

#24 யாழ் கலைப்பீடம்

எங்கட பக்கம் வழமையா 80 வீதம் வரவு வேணும், 75 இல்லை. வருத்தம் எண்டால் வெளி வைத்தியரின்ர சான்றிதழை மட்டும் குடுத்துப் போட்டு இருக்கேலாது. பல்கலைக்கழக வைத்திய அதிகாரியின்ர அங்கீகாரம் வேணும், அதுக்கு நாள் கெடுவும் இருக்கு. இந்தியாவில இருந்து இங்க படிக்க வாறவையும், இங்க இருந்து அங்க போறவையும் பழைய இடத்து விதியை மனசில வைச்சு இருக்க வேண்டாம். பீடக் கையேட்டை முதல் கிழமையே வாங்கிப் பாருங்கோ. ஒப்படை (அசைன்மென்ட்) பிந்தினால் எத்தினை புள்ளி குறைக்கப்படும் எண்டதும் அதிலதான் இருக்கும்.

#25 வேலை + படிப்பு

தேர்வறையில் செல்போன் சைலன்ட்டில் பையில் இருந்தாலும் மால்பிராக்டிஸா?

#26 துறை அலுவலகம்

உங்களிடம் இருந்தாலே போதும், பார்த்தீர்களா என்பது கேள்வி இல்லை. துண்டுச்சீட்டுக்கும் அப்படித்தான், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். ஹால் டிக்கெட்டின் பின்னால் வாய்ப்பாடு எழுதியிருப்பது, ஸ்கேலில் பென்சில் கிறுக்கல், புரோகிராம் செய்யக்கூடிய கால்குலேட்டர் எல்லாம் இதில் வரும். உள்ளே போகும் முன் பென்சில் பாக்ஸ், கால்குலேட்டர் மூடி, சட்டைப் பை மூன்றையும் ஒருமுறை பாருங்கள். அதிகம் பேருக்குத் தெரியாதது: விடைத்தாளில் பெயர் எழுதுவது, பதிவு எண்ணை வேறு இடத்தில் எழுதுவது, "ஐயா, பாஸ் போட்டுவிடுங்கள்" என்று திருத்துபவருக்கு எழுதுவது, இவையும் ஒழுங்கீனம்தான். நல்லெண்ணத்தில் உச்சியில் சாமி பெயர் எழுதுவதைக்கூட அடையாளக் குறி என்று எடுத்துக்கொள்ளலாம், தவிர்த்துவிடுங்கள்.

பிடிபட்டால் அங்கேயே எழுதி வாங்கும் வாக்குமூலத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணைக் குழு முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.

#27 கரூர் இசிஇ

கடைசி வேலை நாளுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. 8 நாள் தொடர்ந்து வந்தாலே போதும் என்றால், மெடிக்கல் ஃபைலைக் கொடுக்காமலே விட்டுவிடலாமா?

#28 துறை அலுவலகம்

இல்லை தம்பி, இன்றைக்கே கொடுங்கள். 8 நாள் வந்துவிட்டு மீதியை விட்டால் சதவீதம் மறுபடி இறங்கும்; 11 நாளில் ஒரு நாள் போனாலே, மீதி 10 நாளும் ஒன்றுகூட விடாமல் வந்தால்தான் 74.5-ஐத் தொடலாம். அதற்குமேல் ஒரு நாள் பஸ் வராவிட்டாலும், மறுபடி காய்ச்சல் வந்தாலும் கணக்கு உடைந்துவிடும். அப்போது பழைய தேதி போட்ட சான்றிதழைப் புதிதாகத் தூக்கிக்கொண்டு வந்தால் ஏன் இத்தனை நாள் கொடுக்கவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டு நகல் எடுத்து, கிளாஸ் அட்வைசர் வழியாக எச்.ஓ.டி.யிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்கி வீட்டில் வையுங்கள். 75 வந்துவிட்டால் அந்த ஃபைலுக்கு வேலையே இருக்காது.